மாதாவின் படகில் பச்சை விளக்கு

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. வாகனம் நடுவழியில் நின்றால் முதல் ஆளாக இறங்கி பொனற்றைத் திறந்து பார்ப்பேன். உள்ளே இருப்பதில் எது எஞ்சின் என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் இடுப்பில் கை வைத்து, “ம்ம்... இதுதான் பிரச்சினை” என்று சொல்லத் தெரியும். (கொம்பனித்தெருவில் ஒருமுறை என்னிடம் வழி கேட்ட மனிதர் எங்கே போய்ச் சேர்ந்தாரோ, இன்றைக்கும் நினைத்தால் மனது உறுத்துகிறது.)

இந்த வியாதியோடு நான் கல்யாணமும் கட்டினேன். அதுவும் கொட்டாஞ்சேனையில்.

நான் வெள்ளவத்தைக்காரன். யாழ்ப்பாணத்து வேர், சைவக் குடும்பம், கணக்காளர் உத்தியோகம். எங்கள் ஒழுங்கையின் முடிவில் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அப்பால் கடல். முப்பது வருடம் அந்தக் கடலுக்கு முன்னால் நின்று கடலை கொறித்திருக்கிறேன். அதற்குள் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. என் மனைவி ஷெரினோ கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். ஒரே அலுவலகத்தில் வேலை செய்தோம், பழகினோம், இரண்டு வீட்டு எதிர்ப்பையும் மீறிப் பதிவுத் திருமணம் செய்தோம். என் வீட்டில் மூன்று மாதம் கோபமாக இருந்துவிட்டு நாலாவது மாதம் புட்டுப் பானையோடு வந்து நின்றார்கள். அவள் வீட்டில் மாமியும் சீக்கிரமே சமாதானமாகிவிட்டார். பிரச்சினை மாமாதான்.

மாமா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். கொட்டாஞ்சேனையில் வீடு, களனி ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில் பத்தொன்பது அடி ஃபைபர் படகு. அந்தப் படகில் மீன் பிடிப்பார், அந்தப் பக்கத்து மீனவர் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருந்தார். அவர் என்னைத் திட்டியதில்லை, முகத்தைச் சுளித்ததுகூட இல்லை. என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். நான் இரண்டடி தள்ளி இருப்பேன். அவர் மாமியைப் பார்த்து, “அவர் தேத்தண்ணி குடிப்பாரான்னு கேளு” என்பார். மாமி என்னைப் பார்த்து, “மகன், தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்பார். நான் மாமியிடம், “ஓம் மாமி” என்பேன். மாமி திரும்பி, “குடிப்பாராம்” என்பார். இப்படியே இரண்டு வருடம். ஐக்கிய நாடுகள் சபையில்கூட இவ்வளவு ஒழுங்காக மொழிபெயர்ப்பு நடந்திருக்காது.

‘அவர்’ என்ற மரியாதைச் சொல் ஒரு மனிதனை இவ்வளவு தூரத்தில் நிறுத்தும் என்று அந்த வீட்டில்தான் கற்றேன். ஒரே ஒரு தடவை அவர் என் முகத்தைப் பார்த்து நேராக ஒரு வார்த்தை பேச வேண்டும், அது போதும் என்று நான் ஏங்கினேன். ஷெரின் வெளியே சொல்லமாட்டாள், ஆனால் அப்பா வீட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவாள்.

அந்த நிலையில்தான் மாதா திருநாள் வந்தது.

முகத்துவாரத்துச் சின்னக் கோயிலில் ஒவ்வொரு வருடமும் திருநாளன்று மாலை மாதா சுரூபத்தைப் படகில் ஏற்றி, மற்றப் படகுகள் சூழ, ஆற்று வாய் வரை கொண்டுபோய்க் கடலை ஆசீர்வதிப்பார்கள். அந்த வருடம் சுரூபம் ஏறும் பாக்கியம் மாமாவின் படகுக்கு விழுந்தது. மனிதர் ஒரு வாரமாக நிலத்தில் கால் பாவாமல் நடந்தார். ஞாயிறு மத்தியானம் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி, “போட்டுக்கு நல்லா லைட் போடணும். யாராவது தெரிஞ்ச ஆள் கிடைச்சா நல்லது” என்றார்.

“நான் செய்யிறன்” என்றேன்.

மேசையில் எல்லோருடைய கையும் நின்றது. மாமா மாமியைப் பார்த்து, “அவருக்கு லைட் வேலை தெரியுமாமா?” என்றார்.

“மகன், உங்களுக்குத் தெரியுமா?”

“ஓம் மாமி. நல்லாத் தெரியும்.”

ஷெரின் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மிதித்து என்ன பயன், வாய் முந்திவிட்டது.

அன்றிரவே கைப்பேசியில் ஆராய்ச்சி தொடங்கியது. வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் படகுகளுக்கு நீருக்கடியில் விளக்குப் பூட்டுகிறார்கள். படகு தண்ணீரின் மேல் நிற்காமல் ஒளியின் மேல் மிதப்பதுபோல் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் எனக்குள் ஒரு காட்சி ஓடியது. கருக்கல் நேரம், ஆற்று வாய், மாதாவின் படகு, நான் சுவிட்சைத் தட்டுகிறேன், கீழே கடலே ஒளிர்கிறது, சனங்கள் ஆவென்று வாய் பிளக்கிறார்கள், மாமா என் பக்கம் திரும்பி... அதற்குப் பிறகு அவர் என்ன சொல்வார் என்று மட்டும் பல விதமாக மாற்றி மாற்றிக் கற்பனை செய்து பார்த்தேன். மேலே வழக்கமான மின்குமிழ் மாலை போடுவது, கீழே இதை ரகசியமாகப் பூட்டுவது என்று முடிவாயிற்று.

“அப்பாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க” என்றாள் ஷெரின்.

“சொன்னா பிறகென்ன சர்ப்ரைஸ்?”

“சரி. உங்க இஷ்டம்.”

(கல்யாணமான ஆண்களுக்கு இந்தக் கடைசி இரண்டு சொற்களின் பொருள் தெரியும். எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருடம்தான்.)

புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் விற்கும் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனேன். நானா நிதானமான மனிதர். மூன்று விதமான விளக்குகளை மேசையில் பரப்பினார். ஒன்று படகின் உடம்பில் பெரிய ஓட்டை போட்டு உள்ளேயிருந்து பூட்டுவது. மற்றது வெளியே ஒட்டிவிட்டு, வயருக்கு மட்டும் சின்ன ஓட்டை போடுவது. மூன்றாவது அதே மாதிரி, ஆனால் நீல நிறம்.

“சின்ன போட்டுன்னா இந்த ஒட்டுற சாமான் போதும் தம்பி. பன்னெண்டு வோல்ட்டு, வாகன பெட்டரியில எரியும். தண்ணிக்கு வெளிய ரொம்ப நேரம் எரிய வுடாதீங்க, சூடாகிப் போயிரும். வயருக்குக் கீழ ஓட்ட போட வேணாம். பின்பலகைக்கு மேலால வளைச்சு உள்ள எடுங்க.”

மேலால வயர் தொங்கினால் அழகாக இருக்காதே என்று என் மனம் சொன்னது. தலையை மட்டும் ஆட்டினேன்.

“கலர் என்ன? நீலமா, பச்சையா?”

நீலம்தான் மாதாவின் நிறம் என்று ஷெரின் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் தெளிந்த கடலுக்குத்தான் நீலம், ஆறு கலக்கும் கலங்கல் தண்ணீருக்குப் பச்சைதான் தூரம் போகும் என்று நான் படித்திருந்தேன். அதை நானாவுக்கே விளக்கினேன்.

“சரிதான். பச்சைய வாங்கிட்டுப் போறவங்க எல்லாம் மீன்காரங்கதான்” என்றார் நானா. “தம்பியும் மீனுக்கா?”

“சீச்சீ. இது மாதாவுக்கு.”

நானா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டு பச்சை விளக்குகளைப் பொதி செய்தார். மீன்காரர்களே பச்சையைத் தேர்கிறார்கள் என்றால் என் தெரிவு எவ்வளவு சரியாக இருக்கிறது என்று நான் உள்ளூரப் பூரித்தேன். தண்ணீரைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா? ஏன் தேர்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் எனக்குள் எழவில்லை.

இதில் வெட்கக்கேடான விஷயம் ஒன்று இருக்கிறது. மாமா வீட்டு விறாந்தைச் சுவரில் மீனவர் சங்கத்தின் அறிவித்தல் ஒன்று தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டியிருந்தது. ‘ஆற்று வாயை அண்டிய பகுதியில் வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடித்தல் முற்றாகத் தடை. செயலாளர்.’ குஞ்சு குருமான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்து அள்ளுப்பட்டுப் போகிறது என்று சங்கத்தில் வருடக் கணக்காகப் போராடி மாமா கொண்டுவந்த தீர்மானம் அது. லைட் போட்டுப் பிடிப்பவனைக் கள்ளன் என்றே சொல்வார். அந்த விறாந்தையில் என்னோடு பேச ஆளில்லாததால் அந்த அறிவித்தலை நான் இரண்டு மொழியிலும் குறைந்தது நூறு தடவை வாசித்திருப்பேன். வாசித்தது ஒரு பக்கம், நான் வாங்கிய சாமான் மறுபக்கம். இரண்டும் என் தலைக்குள் சந்திக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளியலறை வாளியில் தண்ணீர் நிரப்பி விளக்கைப் பரிசோதித்தேன். பிரமாதம். குளியலறையே மரகதமாக ஜொலித்தது. மறுநாள் எதிர் மாடி அன்ரி லிஃப்ட்டில் வைத்து, “தம்பி, பாத்ரூமுக்குள்ள என்ன செய்யிறீங்கள்? எங்கட வீட்டுச் சுவரெல்லாம் பச்சையாத் தெரிஞ்சது” என்று கேட்டார். திருநாள் வேலை என்றேன். அவர் ஒரு மாதிரி நகர்ந்து நின்றார்.

பூட்டும் வேலையைச் சனிக்கிழமை வைத்துக்கொண்டேன். மாமா அன்று சங்கக் கூட்டத்தில் இருந்தார். படகு கரையில் பழைய டயர்களின் மேல் ஏறியிருந்தது. மாடிக் காவலாளியிடம் துளைக்கருவி இரவல். படகின் பின்பலகையில் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் விளக்குகளை ஒட்டினேன். வயருக்கு இரண்டு ஓட்டை போட வேண்டும். நான் கணக்காளன் அல்லவா? ஓட்டை நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். படகின் வயிற்றில் பாசி படிந்த கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நாலு விரல் மேலே அளந்து அடையாளம் வைத்தேன். மாமாவும் அவருடைய வலையும் மட்டும் போகும் படகின் கோடு அது என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துபோனேன்.

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த சுனில் அய்யே எழுந்து வந்தார். மாமாவின் நெடுநாள் சிங்களச் சிநேகிதர், அடுத்த படகின் சொந்தக்காரர். நான் செய்வதைப் பார்த்து, “மஹத்தயா, ஓட்டை போடுறது போட்டுக்கா?” என்று சிங்களத்தில் கேட்டார். சோடனை வேலை, ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தன் வலைக்குத் திரும்பினார்.

ஓட்டையைச் சுற்றி அடைக்கப் படகுக்கென்றே ஒரு பசை உண்டாம். என்னிடம் எங்கள் குளியலறை ஓடு ஒட்டியபோது மிஞ்சிய வெள்ளை சிலிக்கன் அரைக் குழாய் இருந்தது. அதுவும் தண்ணீர், இதுவும் தண்ணீர். தாராளமாகப் பூசினேன். விளக்குகளைத் தென்னோலைத் தோரணத்தால் மறைத்தேன். மாலையில் மாமா வந்து மேலே கட்டியிருந்த மின்குமிழ் மாலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாமியிடம் திரும்பி, “பரவாயில்லன்னு சொல்லு” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரே போதும் என்று நின்றிருக்கலாம்.

திருநாள் மாலை. மாதா பூக்களுக்கு நடுவே ஏறினார். பாதர், மாமா, ஷெரின், பாட்டுப் பாடும் மூன்று அன்ரிமார், புதுச் சப்பாத்தும் வெளிர் நிறக் காற்சட்டையும் போட்ட நான். ஏழு பேர், எட்டாவதாக மாதா. அந்தச் சுரூபம் சுத்தமான தேக்கு, நாலு பேர் தூக்கி வைத்தார்கள். படகு ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே இறங்கியது. என் நாலு விரல் கணக்கு அந்த இடத்திலேயே தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். நான் அதைக் கவனிக்கவில்லை. பீடத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்த சுவிட்சைத்தான் விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

மாமாவை அன்று பார்க்க வேண்டும். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம், எஞ்சின் பிடியில் ஒரு கை. பின்னால் இருபது படகுகள் மெழுகுதிரியோடு வருகின்றன. கரைக்குத் திரும்பும் கடல் நீரோட்டத்தையும் ஆற்று நீரின் தள்ளலையும் மனிதர் கண்ணாலேயே அளந்து, ஒரு துளி தண்ணீர் மாதாவின் மேல் தெறிக்காமல் படகைக் கொண்டுபோனார். துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பாரத்தை அசையாமல் இறக்கிய கை அது. என் மாமனாரை முதல் தடவையாக நான் பயமில்லாமல் பார்த்தேன். எவ்வளவு அழகான மனிதர் என்று தோன்றியது.

ஆற்று வாயில் படகுகள் நின்றன. சூரியன் இறங்கிவிட்டது. பாதர் கடலை ஆசீர்வதித்துத் தீர்த்தம் தெளித்தார். பிறகு மாதாவின் மன்றாட்டு மாலை தொடங்கியது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, இருபது படகும் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது. இதுதான் நேரம். சுவிட்சைத் தட்டினேன்.

கடல் எரிந்தது. பச்சை ஒளி படகின் கீழ் விரிந்து, மாதா காற்றில் நிற்பதுபோல் இருந்தது. நான் கற்பனை செய்ததைவிட அழகு. இருபது படகும் ஒரே குரலில் ஆவென்றது. ஓர் அன்ரி அழத் தொடங்கினார். மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். திரும்பியவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப் போனது.

நானும் பார்த்தேன். வெளிச்சத்துக்குள் முதலில் தூசிபோல் ஏதோ சுழன்றது. பிறகு வெள்ளியாக மின்னியது. மன்றாட்டு மாலை நீளமானது, பாதருக்கு அவசரமும் இல்லை. பத்து வேண்டுதலுக்குள் படகின் கீழே நெத்தலி திரண்டு திரண்டு சுற்றத் தொடங்கியது. நெத்தலியைத் தேடிச் சாளை வந்தது. “வேண்டிக்கொள்ளும்” என்ற குரல்கள் மெலிந்தன. இருபது படகிலும் தலைகள் குனிந்தன. பக்தியால் அல்ல.

பாதர் அடுத்ததைச் சொன்னார். பதில் வரவில்லை. சுனில் அய்யேயின் படகிலிருந்து நெஞ்சு வெடிக்கும் குரலில் ஒரே ஒரு சிங்களச் சொல் வந்தது.

“மாலூ!”

மீனைக் கண்டால் சும்மா இரு என்று ஒரு மீனவனிடம் சொல்ல எந்தத் திருச்சபையாலும் முடியாது. சங்கத் தீர்மானத்தாலும் முடியாது, மெழுகுதிரியாலும் முடியாது. வீச்சுவலை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், அவர்கள் படகில் அது எப்போதும் இருக்கும். ஒரு வலை விழுந்தது, பிறகு நாலு, பிறகு எண்ண முடியவில்லை. படகுகள் முண்டியடித்து எங்கள் படகின் பின்பக்கத்தை நெருக்கின. ஆட்கள் எங்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். பின்பக்கம் இன்னும் தாழ்ந்தது. அப்போதுதான் என் புதுச் சப்பாத்துக்குள் ஏதோ குளிர்ந்தது.

கீழே பார்த்தேன். குளியலறை சிலிக்கன் வெள்ளைப் புழுவாகச் சுருண்டு மிதந்துகொண்டிருந்தது. இரண்டு ஓட்டையாலும் கடல் உள்ளே பாய்ந்தது. எனக்கு நீந்தத் தெரியாது என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. மாதாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மரம்போல் நின்றேன்.

“டேய்!”

யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

“டேய், உன்னத்தாண்டா! பாத்துக்கிட்டு நிக்கிறியா? லைட்ட நிப்பாட்டு! தண்ணிய அள்ளுடா!”

மாமா. என்னை. நேராக. என் முகத்தைப் பார்த்து. (சத்தியமாகச் சொல்கிறேன், படகு தாழ்கிறது, நீந்தத் தெரியாது, ஆனாலும் எனக்குள் ஏதோ ஒன்று துள்ளிக் குதித்தது.) “ஓம் மாமா!” என்று கத்திக்கொண்டு பீடத் துணிக்குள் தலையை விட்டு சுவிட்சை அணைத்தேன். கடல் இருண்டது. சுற்றியிருந்த படகுகளிலிருந்து ஏமாற்றத்தோடு ஒரு முனகல் எழுந்தது.

அதற்குள் மாமா எஞ்சின் பிடியை விட்டுவிட்டு, “ஷெரின், நீ எடு!” என்றார். என் மனைவி, வெள்ளவத்தையில் ஆட்டோ வேகமாகப் போனால் என் கையை இறுக்கிப் பிடிப்பவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் பிடியில் உட்கார்ந்தாள். சிங்களத்தில் இரண்டு அதட்டுப் போட்டு நெருக்கிய படகுகளை விலக்கினாள், படகைக் கரைக்குத் திருப்பினாள். அவளுக்குப் படகு ஓட்டத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தேன்.

“அள்ளுடா!”

எதால் அள்ளுவது? பாதர் தன் கையிலிருந்த தீர்த்தச் சட்டியை நீட்டினார். “இதால அள்ளுங்க.”

“பாதர், இது தீர்த்தம் வைக்கிறது...”

“இப்பதானே முழுக் கடலையும் ஆசீர்வதிச்சேன். எல்லாம் தீர்த்தம்தான். அள்ளுங்க!”

அள்ளினேன். மாமா ஓர் அன்ரியின் கையிலிருந்த மெழுகுதிரியைப் பறித்து, ஊதி அணைத்து, முனையைப் பல்லால் கடித்துத் துப்பினார். கைக்குட்டையைச் சுற்றி ஓர் ஓட்டைக்குள் வயரோடு சேர்த்து அமுக்கித் திருகினார். தண்ணீர் நின்றது. மற்ற ஓட்டைக்குத் தன் கட்டைவிரலை வைத்தார். வெள்ளைச் சாரத்தோடு இடுப்பளவு நனைந்து, ஓட்டையில் விரலோடு குந்தியிருந்தபடி நிமிர்ந்து பாதரைப் பார்த்தார்.

“பாதர், மன்றாட்டு மாலை பாதியில நிக்குது.”

பாதர் தொடர்ந்தார். மற்ற ஆறு பேரும் பதில் சொன்னோம். “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்பதை என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உண்மையாகச் சொன்னதில்லை. சைவப் பிள்ளை என்பதெல்லாம் அந்த நேரம் எடுபடவில்லை. மாதாவின் பாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் கரை சேர்ந்தோம்.

கரையில் கூடை கூடையாக மீன் இறங்கியது. அதை என்ன செய்வது என்று பாதரிடம் கேட்டார்கள். திருநாள் சாப்பாட்டுக்குப் பொரியுங்கள் என்றார். கோயில் வளவு முழுக்க நெத்தலி வாசம். ஊரே சாப்பிட்டது. மாமா மட்டும் ஒன்றையும் தொடவில்லை. வெறும் சோற்றில் பருப்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். படகில் என்னைப் பார்த்துக் கத்தியதோடு சரி, பிறகு ஒரு வார்த்தை இல்லை. ஷெரின் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் நனைந்த சப்பாத்தைக் கையில் பிடித்திருந்தேன். எல்லாம் முடிந்தது, இனி அந்த வீட்டுப் படி மிதிக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் மீனவர் சங்கம் கூடியது. மன்னிப்புக் கேட்பது என் கடமை என்று நானும் போனேன். கடைசி வரிசைக் கதிரை. செயலாளர் எழுந்து அறிக்கை வாசித்தார். ஆற்று வாயில் வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடித்ததாக ஒரு முறைப்பாடு. முறைப்பாடு செய்தவர் பெயரை வாசித்தார். அது அவருடைய பெயர். குற்றம் செய்த படகின் சொந்தக்காரர் பெயரை வாசித்தார். அதுவும் அவருடைய பெயர். சங்கம் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தது.

சுனில் அய்யே எழுந்தார். இது செயலாளரின் பிழை இல்லை, கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத வெள்ளவத்தை ஆள் ஒருவர் செய்த வேலை, நான் கண்ணால் கண்டேன், விட்டுவிடுவோம் என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் கதிரைக்குள் சுருங்கினேன்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் அங்கே இருப்பதை அவர் கண்டாரா தெரியாது. முதலில் சிங்களத்தில் சொன்னார். பிறகு அதையே தமிழில் சொன்னார்.

“போட்டும் என்னோடது. மருமகனும் என்னோடவர். பிழை மட்டும் எப்படி வேறாளோடது ஆகும்?”

சிங்களத்தில் சொன்னதே அங்கிருந்த அத்தனை பேருக்கும் விளங்கியிருந்தது. தமிழில் சொன்னது எனக்காகத்தான் என்று நான் இன்றுவரை நம்புகிறேன். மூன்று மாதம் செயலாளர் பதவியிலிருந்து விலகி நிற்கிறேன் என்று எழுதிய கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய மனிதர் என்னோடு பேச வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில் பிழையே இல்லை என்று அன்று நினைத்தேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அவர் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய், “மாமா, எனக்கு லைட் வேலை தெரியாது” என்றேன். என் வாழ்க்கையிலேயே நான் ‘தெரியாது’ என்று சொன்ன முதல் தடவை அதுதான்.

“அது முகத்துவாரத்துக்கே தெரியும். ஏறுடா” என்றார்.

சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்துக் கொட்டாஞ்சேனை வரை மிதித்தார். வழி முழுக்கத் திட்டினார். நான் ஓம் மாமா, ஓம் மாமா என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னை ‘அவர்’ என்று சொன்னதில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் ‘சேர்’, கொட்டாஞ்சேனையில் ‘டேய்’. அந்த வீட்டில் மின்குமிழ் ஒன்று போனாலும் நான் எழுந்தால் போதும், “மகன், நீங்க இருங்க, மீன் வந்திரும்” என்று மாமி கையை நீட்டி மறிப்பார். எங்கள் மகளுக்கு நாலு வயது. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பாலர் பாடசாலையில் கேட்டதற்கு, மாதாவுக்கு மீன் பிடிக்கிறவர் என்று சொல்லிவிட்டு வந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை.

எங்கள் ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் கையில் ஏதாவது இல்லாமல் போகமாட்டார்கள், சும்மா போவது மரியாதை அல்ல. மாமாவுக்கும் அதெல்லாம் முக்கியம். ஆனால் ஒவ்வொரு வருடமும் திருநாளுக்கு முதல் நாள் அவரே தொலைபேசியில் என்னைக் கூப்பிடுவார். சுகம் விசாரிப்பார், பேத்தியைப் பற்றிக் கேட்பார், போட்டில் என் இடம் அவருக்குப் பக்கத்தில்தான் என்பார். வைக்கும் முன்னால் ஒரு நொடி நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கெஞ்சுவது போலச் சொல்வார்.

“டேய், புள்ள. வெறுங்கையோட வா.”